சில பேர் அதைத் திறந்தே விடுவார்கள்

ஸ்டர்ஜன் கிரீக், மின்னசோட்டா
பிப்ரவரி 10, 1994

அன்பு மகள் சிக்னேவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் டூசானில் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். முதல் வரி என்பதற்காக எழுதிய சுகம் இல்லை இது, எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கடிதம் கனமாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, பயப்பட வேண்டிய நாளெல்லாம் போன மாதத்தோடு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்ல முடியவில்லை, அப்பா மாடியில் இருக்கிற இன்னொரு போனை எடுத்துக்கொண்டு உன் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பார் என்று உனக்கே தெரியும். அதனால் நூலகத்தில் வேலை முடிந்த பிறகு புத்தகம் திருப்பித் தருகிற மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்காக மார்ச் ஒன்றாம் தேதிக்கு நீ பேசி வைத்த முதியோர் இல்லத்து அறையை இப்போதைக்கு வேண்டாம் என்று நான் எழுதிப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். நீ நாலு மாதமாக யார் யாரிடமோ பேசி, காத்திருப்போர் பட்டியலில் முன்னால் வரவைத்து, அவருடைய நல்லதுக்குத்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நாம் மூன்று பேரும் முடிவு கட்டினோமே, நீ, நான், டாக்டர், அந்த முடிவில் பாதி பொய். எந்தப் பாதி என்று இன்னும் தெரியவில்லை. அது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் எழுத வந்தேன், என் பங்கு தப்பையும் சேர்த்து.

நிலவறையில் வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு தகரக் குழாய் வெளியிலிருந்து உள்ளே வருமே, நினைவிருக்கிறதா, சின்ன வயதில் அதில் வாயை வைத்துக் கத்தி எல்லாரையும் பயமுறுத்துவாய். போன வருஷம் ஜனவரியில் அதன் வழியாகக் குளிர் காற்று ஊதி ஊதி, அலமாரியில் இருந்த உருளைக்கிழங்கெல்லாம் உறைந்து கறுத்துப் போனது. எனக்கு வந்த கோபத்தில் அப்பாவின் பழைய சிவப்புக் கம்பளி உள்ளாடை இரண்டையும் சுருட்டி அந்தக் குழாய்க்குள் திணித்துவிட்டேன். வெளியில் இருக்கிற ஊரையெல்லாம் நாம் ஏன் சூடாக்க வேண்டும் என்று அப்போது சாமர்த்தியமாகத்தான் தோன்றியது. ஜன்னல்களுக்கெல்லாம் குளிர் புகாதபடி வழக்கம்போல பிளாஸ்டிக் தாளும் ஒட்டியிருந்தேன். வீட்டை ஊறுகாய் ஜாடி மாதிரி மூடி வைத்திருக்கிறேன் என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டது இப்போது நினைத்தால் நடுங்குகிறது. அந்தப் பிப்ரவரியில்தான் அப்பா முதல் முறையாகத் தபால்காரரின் பெயரை மறந்தார். கோடையில் தெளிவாக இருந்தார். ஏற்ற இறக்கம் இருக்கும், இந்த நோய் அப்படித்தான் என்றார் டாக்டர்.

நார்மன் த்வைட்டை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷமாக நம் ஃபர்னஸைப் பார்ப்பவர் அவர்தான், தேவாலயப் பாட்டுக் குழுவில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். இந்த ஊரில் எல்லாமே இரண்டு, அது உனக்குத் தெரிந்ததுதான். லூத்தரன் வீட்டு ஃபர்னஸுக்கு நார்மன், கத்தோலிக்க வீட்டு ஃபர்னஸுக்கு லியோ கொசியக். சண்டை எதுவும் இல்லை, ஆனால் நார்மன் இருக்கும்போது கொசியக்கின் வண்டி நம் வாசலில் நின்றால், இரண்டு நாளில் ஊரே நார்மனுக்கு அனுதாபம் சொல்லப் போய்விடும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது. போன அக்டோபரில் நார்மன் வழக்கம்போல வந்து ஃபர்னஸைத் துடைத்து, வடிகட்டியை மாற்றிவிட்டு மேலே வந்தார். காப்பி குடித்தார், கேக் துண்டு ஒன்று சாப்பிட்டார். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொள்ளும்போது, குழாயில் என்னவோ துணி இருக்கிற மாதிரி இருக்கு, சில பேர் அதைத் திறந்தே விடுவாங்க என்றார். ஆமாம், சில பேர் விடுவார்கள் என்று நானும் சொன்னேன். அடுத்து மான் வேட்டைப் பருவம் பற்றிப் பேசினோம். அவ்வளவுதான் சிக்னே. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

நவம்பரில் ஜன்னலுக்குத் தாள் ஒட்டிய பிறகு அப்பா வாசனை வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். கண்ணைக் கரிக்கிற வாசனை, ஈரச் சாம்பல் மாதிரி, துணி இஸ்திரி போடும்போது கருகுகிற மாதிரி, ஒவ்வொரு நாள் ஒவ்வொரு விதமாகச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் எனக்கு மூக்கு செத்துப்போனது, காப்பி கருகினால்கூடப் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அவர் சொன்னதை நான் முகர்ந்து பார்க்க முடியாது, நம்பவாவது செய்திருக்கலாம். ஆனால் டாக்டர் கொடுத்த தாளில், இல்லாத வாசனை இருப்பதாகச் சொல்வதும் ஒரு அறிகுறி என்று அச்சடித்திருந்தது. அச்சில் இருந்ததை நம்பினேன், ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவரை நம்பவில்லை. நார்மனை ஒரு முறை கூப்பிட்டேன். அவர் கீழே போய் நின்றுவிட்டு வந்து, குளிர் தொடங்கினால் ஃபர்னஸ் தூசி எரிகிற வாசனைதான் வரும், போய்விடும் என்றார். அப்பாவைப் பற்றி நானே அவரிடம் தேவாலயத்தில் சொல்லி வைத்திருந்தேன், அதனால் அவரும் அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தாரே தவிர ஃபர்னஸைப் பார்க்கவில்லை. தூசி எரிகிற வாசனை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் இருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்பா சொன்னது பத்து வாரம்.

நவம்பர் கடைசியில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு நீ வந்திருந்தபோது நடந்ததை யோசித்துப் பார். நாலு நாளும் உனக்குத் தலைவலி, விமானத்தில் வந்த களைப்பு என்றோம். அப்பா காப்பி டப்பாவைக் குளிர்பெட்டியிலும் பாலை அலமாரியிலும் வைத்தார், நீ சமையலறையில் நின்று அழுதாய். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது மட்டும் அவர் தெளிவாகப் பேசினார், நாலு மனிதரைப் பார்த்தால் நல்லது போலிருக்கிறது, இல்லத்தில் ஆட்கள் இருப்பார்கள் என்று நீயும் நானும் அதிலிருந்தே ஒரு நியாயம் கண்டுபிடித்தோம். நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். அவர் காலையிலிருந்து நான் வரும்வரை நிலவறையில், ஃபர்னஸிலிருந்து பத்தடியில், தூண்டிலில் கட்டுகிற மர மீன்பொம்மை செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு எடுத்தோம் என்று யோசித்ததை நான் படிக்கட்டில் நின்று பார்த்திருக்கிறேன்.

நீ ஊருக்குப் போகும்போது வேறு யாரையாவது கூப்பிட்டு அந்த வாசனையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். டிசம்பரில் நீ கேட்டபோது ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார், கவலை இல்லை என்றேன். அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. செய்தித்தாள் விளம்பரம் பார்த்து நகரத்திலிருந்து ஒருவரை வரவழைத்தேன், இங்கே யாருக்கும் அவரைத் தெரியாது என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே தகுதி. பளபளப்பான ஷூவோடு வந்தார். நிலவறைப் படியில் மூன்றாவது படியைத் தாண்டி இறங்கவில்லை. அங்கிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு இதன் காலம் முடிந்துவிட்டது, புதிது போட வேண்டும், இன்றே கையெழுத்துப் போட்டால் நல்லது என்று தாளை நீட்டினார். என்ன வாசனை, எப்போது வருகிறது, வீட்டில் யாருக்காவது உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அனுப்பியது சரி, அதோடு விட்டதுதான் தப்பு.

ஜனவரியில் அந்தக் குளிர் வந்தது, பள்ளிக்கூடங்களை மூடினார்கள், நூலகத்தையும் மூடினார்கள். நான் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் காலை ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தேன். எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும் அந்தக் கணக்கு, இரண்டு கண்ணி நேர், இரண்டு தலைகீழ். எண்ண முடியவில்லை. இரண்டுக்கு அப்புறம் என்ன என்று கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வந்துவிட்டது, சிக்னேவுக்கு இனி இரண்டு அறை தேட வேண்டும் என்று நினைத்தேன். தலை வெடித்தது. எதையாவது செய்வோம் என்று வாசல் பனியை வாரப் போனேன். அரை மணி நேரம் வாரியிருப்பேன், தலை தெளிந்தது, கணக்கும் திரும்பி வந்தது, பனிக்குவியல் பக்கத்தில் நின்று விரல்விட்டு எண்ணி இரண்டு நேர், இரண்டு தலைகீழ் என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே போனேன், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மந்தமானது. அப்போதுதான் புரிந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி புத்தி போகாது, வெளியே போனதும் திரும்பியும் வராது.

அப்போதும் என் கை நார்மனின் எண்ணைத்தான் தேடியது. பிறகு நூலகத்தில் என்னோடு வேலை செய்யும் பெர்னடெட் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அவர்களுடைய கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்து ஃபர்னஸுக்குப் பதிலாகப் புதிது வாங்கலாம் என்று பாதிரியாரே சொன்னபோதும் கொசியக் வேண்டாம், இது இன்னும் ஓடும் என்று மூன்று முறை மறுத்தாராம், ஆனால் கேள்வியாகக் கேட்டு ஆளைத் துளைத்துவிடுவார் என்று அலுத்துக்கொண்டாள். அவருக்குப் போன் செய்தேன். பெயரைச் சொல்லி, ஒரு வாசனை விஷயம், அவசரம் ஒன்றுமில்லை என்றுகூட ஆரம்பித்தேன், உன் அம்மாவின் லட்சணத்தைப் பார். அவர் துளைத்தார். தலைவலி உண்டா, இரண்டு பேருக்குமா, வெளியே போனால் விடுகிறதா, ஜன்னலில் உள்பக்கம் தண்ணீர் வழிகிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். கடைசியில் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும், வண்டியைப் பின் சந்தில் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். சிக்னே, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அம்மா, வண்டிய நீங்க சொல்ற இடத்துல நிறுத்துறேன். முதல்ல போன வெச்சுட்டு, ஃபர்னஸ அணைச்சுட்டு, அவரக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க. கோட்டு போட மறந்தாலும் பரவால்ல, வெளிய வாங்க."

அப்பா நிலவறையில் நாற்காலியில் சாய்ந்திருந்தார், எழுப்பியும் எழவில்லை. ஃபர்னஸை அணைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கி, திட்டி, படியில் ஒவ்வொன்றாக ஏற்றினேன். பாதிப் படியில் அவர் நின்று, வாசனை வருதும்மா, உனக்கு வரலையா என்றார். வருகிறது என்று பொய் சொன்னேன். அந்த ஒரு பொய்யைப் பத்து வாரம் முன்னால் சொல்லியிருக்கலாம். கொசியக் பின் சந்துக்கெல்லாம் சுற்றாமல் வண்டியை வாசலிலேயே, நடுவாக நிறுத்தினார், எங்களை அதற்குள் உட்காரவைத்து நேராகக் கவுண்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். இரத்தத்தைச் சோதித்துவிட்டு அங்கிருந்த டாக்டர், கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு ஏறியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் அந்த வீட்டில் இருந்திருந்தால் இருவரையும் உயிரோடு பார்த்திருக்க முடியாது என்றார். முகமூடி போட்டு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், எனக்கு ஒரு நாள், அவருக்கு மூன்று நாள். உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்கு எதற்குத் தொந்தரவு என்று நினைத்தேன். நேராகச் சொல்லாத இதுவும் அதே வியாதிதான்.

மறுநாள் நான் மட்டும் கொசியக்கோடு வீட்டுக்குப் போனேன். எல்லா ஜன்னல் தாளையும் கிழித்துத் திறந்து வைத்திருந்தார். அவர் எதையும் விற்கவில்லை, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டினார். ஜன்னல்களை மூடி, ஃபர்னஸைச் சில நிமிஷம் ஓடவிட்டு, புகைக் குழாய் தொடங்குகிற வாய்க்கு முன்னால் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தார். ஃபர்னஸ் மூச்சு வெளியே போகிறதென்றால் அந்தச் சுடர் குழாய் பக்கம் சாய வேண்டுமாம். அது எங்கள் முகத்தைப் பார்த்துச் சாய்ந்தது. அடைத்த வீட்டில் ஃபர்னஸுக்குக் காற்று இல்லை, அது தான் விட்ட புகையையே திரும்ப இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விஷவாயுவுக்கு வாசனையே கிடையாதாம், கூட வருகிற புகைக்குத்தான் வாசனை, அதைத்தான் அப்பா முகர்ந்தார். பிறகு ஃபர்னஸுக்குக் காற்று கொண்டுவருகிற அந்தச் சுவர்க் குழாயிலிருந்து சிவப்புக் கம்பளியை உருவினார். யார் வைத்தது என்று கேட்கவில்லை. நான்தான் வைத்தேன் என்றேன். "சொன்னீங்களே, அது போதும். சொல்லாத வீட்லதான் எனக்குக் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு அதை மடித்துப் படியில் வைத்தார், எறியவில்லை. மறுபடியும் குச்சி கொளுத்தினார், இந்த முறை சுடர் புகைக் குழாய்க்கு உள்ளே போனது. ஃபர்னஸ் இன்னும் சில வருஷம் ஓடும் என்றார்.

ஊருக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. நார்மன் ஒரு வாரம் வரவில்லை. பிறகு ஒரு நாள் மதியம் வந்தார், காப்பி வேண்டாம் என்றார், நார்மன் காப்பி வேண்டாம் என்று சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் சொன்னேன் மார்கிட். ஆனா சொல்லாத மாதிரி சொன்னேன். உன் வீட்டு வேலையில குத்தம் சொன்னா நல்லா இருக்காதேன்னு" என்றார். நானும் காதில் வாங்கினேன் நார்மன், ஆனால் வாங்காத மாதிரி வாங்கினேன் என்றேன். இரண்டு பேரும் அழுதோம். ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்திருக்கிறோம், இதைவிடப் பெரிய மரியாதை உலகத்தில் எங்கேயும் இருக்காது. இப்போது நார்மன் கொசியக்கின் வண்டியிலேயே ஏறிக்கொண்டு, தான் பார்த்த வீடு ஒவ்வொன்றுக்கும் அவரைக் கூட்டிப்போய்க் குழாயைக் காட்டுகிறார். இதுவரை மூன்று வீட்டில் கந்தல் கிடைத்திருக்கிறது. ஒரு வீட்டில் தேவாலயத்து மேஜை விரிப்பு, யார் வீடு என்று எழுத மாட்டேன்.

அப்பாவைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், இனி அப்படித்தான். தலைவலி போய்விட்டது. தபால்காரர் பெயர் வந்துவிட்டது. ஆனால் நேற்றும் காப்பி டப்பா குளிர்பெட்டியில்தான் இருந்தது. போனதில் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் திரும்பாது, கோடை வரை பொறுத்துப் பாருங்கள் என்கிறார் டாக்டர். திரும்பாவிட்டால் நீ பேசி வைத்த அறையைப் பற்றி மறுபடி பேசுவோம், அன்றைக்கு நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது அவருக்கும் தெரிந்து பேச வேண்டும். அவருக்கு முன்பே தெரியும் சிக்னே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நிலவறையில் பார்த்தேன், உளி, இழைப்புளி, ரம்பம் ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு சீட்டு கட்டி, இது யாருக்கு, அது யாருக்கு என்று எழுதியிருந்தார். நல்ல உளிப்பெட்டியில் உன் பெயர். இல்லத்துக் காகிதத்தை நவம்பரிலேயே என் மேஜையில் பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்க சொன்னது சரி, வாசனை இருந்தது, நான் நம்பல, என்னை மன்னிச்சிடுங்க என்றேன். அவர் நம் எல்லாரையும் போலவே, அவ்வளவு மோசமில்லை என்றார். நான் எழுந்திருக்கவில்லை. சீட்டு ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டே அவர், "மோசமாத்தான் இருந்துச்சு மார்கிட். எனக்குப் போயிடுச்சுன்னு நானே நம்பிட்டேன்" என்றார். ஐம்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து மோசம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

உன் வாடகை வீட்டுச் சுவரிலும் ஒரு கேஸ் ஹீட்டர் இருக்கிறது, வருஷத்தில் ஆறு வாரம்தான் போடுகிறேன் என்பாய், அந்த ஆறு வாரம் போதும். ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டு. தெரிந்தவர் என்பதற்காகவும் கூப்பிடாதே, தெரியாதவர் என்பதற்காகவும் கூப்பிடாதே. வந்ததும் கேள்வி கேட்கிறாரா, முட்டி போட்டுப் பார்க்கிறாரா, உனக்கும் காட்டுகிறாரா என்று பார். விஷவாயுவுக்குக் கத்துகிற ஒரு கருவி கடையில் வந்திருக்கிறதாம், கொசியக் எங்களுக்கு ஒன்று மாட்டியிருக்கிறார், உனக்கும் ஒன்று பார்சலில் அனுப்புகிறேன், கூடவே உருளைக்கிழங்கு ரொட்டியும். குளிர்காலத்தில் ஒருவேளை உனக்கும் தலைவலி வந்தால் விமானத்தின்மேல் பழி போடாதே. அங்கே உனக்கு என்ன கஷ்டம் இருந்தாலும் எனக்கு நேராக எழுது, அம்மா தாங்குவாள்.

அந்தக் குழாய் இப்போது திறந்தே இருக்கிறது. உருளைக்கிழங்கை மாடிக்கு மாற்றிவிட்டேன், நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன். தினமும் காலையில் அப்பா கீழே இறங்கிப் போய் அதன் முன்னால் கையை நீட்டி, வருது என்று மேலே பார்த்துக் குரல் கொடுப்பார். நான் அடுப்படியிலிருந்து, காதில் விழுந்தது என்று பதில் சொல்லுவேன். கர்த்தர் உன்னைக் காப்பாராக, உன் வீட்டில் எப்போதும் நல்ல காற்று வரட்டும். மறந்துவிடாதே, வரும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் அப்பாவிடம் பேசு. எப்படி இருக்கீங்க என்று கேட்காதே, மோசமில்லை என்பார். இன்னைக்கு என்ன வாசனை வருது அப்பா என்று கேள். அவர் என்ன சொன்னாலும் நம்பு.

உன் அன்பு அம்மா,
மார்கிட் ஹாவ்லண்ட்